அவள் எழுந்து பாட வேண்டிய பாட்டு

பெற்ற மகளிடமே நான் பொய் சொன்னேன். அவள் அதை நம்பி இன்றுவரை என்னைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறாள்!

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும், பொறுத்துக் கேளுங்கள்.

என் மகள் கயல், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நியூயார்க்கில் ஒரு பாட்டு நாடகம் போட்டாள். யாரோ எழுதிய ஒரு விசித்திரப் புத்தகம். அதில் கதையும் கிடையாது, ஒரு வாக்கியமும் முடியாது. அதற்கு அவளே மெட்டுப் போட்டு அவளே நடித்தாள். அரங்கம் என்று பெயர்தான்... நியூயார்க்குக்குப் பக்கத்தில் பார்சிப்பனியில் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அளவு. மேடைகூட இல்லை, நாற்காலிகளுக்கு முன்னால் வெறுந்தரையில் ஆடினார்கள். பெரிய அரங்குக்கு எடுத்துப் போகலாமா என்று பார்க்க அன்று ஒருவர் வந்திருந்தார்.

என் பக்கத்தில் சம்பந்தியம்மாள், கயலின் மாமியார். டெக்சாஸிலிருந்து வந்திருந்தார்.

கடைசியில் கயல் வெள்ளைத் துணி போர்த்தித் தரையில் நீட்டிப் படுத்தாள். கூட நடித்தவர்கள் அவள் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். அரங்கமே அடங்கிப்போயிற்று. அந்த அமைதிக்குப் பிறகு அவள் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவாள். வருடக்கணக்காக அந்தப் பாட்டுக்காகத்தான் உழைத்தாள். அது எனக்குத் தெரியும்! வீட்டில் பாடிக் காட்டியிருந்தாளே!

சம்பந்தியம்மாள் என் காதருகே குனிந்தார். "கட்டிக்கிட்டு வந்த பொண்ணு பொணமாட்டம் கெடக்கா! இதுக்குத்தான் வேலைய விட்டாளா? நீங்க ஒண்ணும் சொல்லி வளக்கலையா, சம்பந்தி?"

ஒருவரிடம் ஒரு சொல் கேட்டறியாதவள் நான். உடம்பெல்லாம் எரிந்தது. போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிடி! எந்திரி!"

அவள் மலங்க விழித்தாள். இதுவும் நாடகம் என்று எண்ணிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது! விளக்கை அணைத்துவிட்டார்கள். பாட்டு வரவேயில்லை. பார்க்க வந்தவரும் பிறகு கூப்பிடவேயில்லை.

திரும்பும்போது காரை ஓட்டியபடியே கயல் கேட்டாள். "என்னை அப்படிப் பாக்க உன்னால முடியலல்லம்மா? பரவால்ல, விடு."

கண் நிறைந்திருந்தது அவளுக்கு. பின் சீட்டில் சம்பந்தியம்மாளும் இருந்தார்.

"ஆமாண்டி, பெத்த வயிறு..." என்றேன்.

பெற்ற வயிறா? அவள் செத்துக் கிடக்கிறாள் என்று ஒரு நொடியாவது நினைத்தேனா? இல்லை! ஊர் போய் இந்த அம்மாள் யார் யாரிடம் என்ன சொல்வாரோ என்றுதான் நினைத்தேன்.

கயல் இப்போது பழையபடி ஆபீஸ் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளே ஆரம்பிப்பாள்: "நான் சும்மா செத்த மாதிரி ஆக்ட் பண்ணதுக்கே எங்கம்மா ஷோவ ஸ்டாப் பண்ணிட்டாங்க, தெரியுமா?"

கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அம்மான்னா இப்படி இருக்கணும் ஆன்ட்டி!"

அவளை இழுத்த அதே கை... நான் அதை விடுவித்துக்கொள்வதில்லை.