மலை தெரியும் தூரத்தில் ஒரு கல்லூரி

தமிழாசிரியருக்கு வேலை கம்மி என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரு நம்பிக்கை உண்டு. ‘உயர்கல்வி வழிகாட்டி’ என்ற கூடுதல் பொறுப்பு பிறந்ததே அந்த நம்பிக்கையிலிருந்துதான். திருவண்ணாமலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அது என் தலையில் இறங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். வழி தெரிந்தவர்தான் வழிகாட்ட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. இதே சுமையைத் தூக்கும் சகாக்களே, பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

மொத குரூப்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஏழுமலை, மகள் கௌசல்யாவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். கையில் ஒரு பை மல்லாட்டை. வறுத்தது, எனக்குத்தான். நிலக்கடலை என்று எழுதினால்தான் பாடநூலில் மதிப்பெண், ஆனால் வாய்க்கு ருசி மல்லாட்டைதான்.

முதல் குரூப், மூன்றாம் குரூப் என்பவை வெறும் பெயர்கள், தரவரிசை அல்ல என்று அவருக்கு விளக்கினேன். எண்ணுப்பெயருக்கும் தகுதிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குட்டிச் சொற்பொழிவாகவே ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் சரி சார். கோயில்ல முதல் மரியாதைனு ஒண்ணு தராங்களே, அது வெறும் பேருக்கா? மொத குரூப்பே போடுங்க.”

கல்லைப் படிக்கிற படிப்பு

என்ன படிக்க ஆசை என்று வகுப்பில் கேட்டேன். நர்ஸ், போலீஸ், கம்ப்யூட்டர் என்று வழக்கமான பதில்களுக்கு நடுவே கௌசல்யா, “ஜியாலஜி சார்” என்றாள். அவர்கள் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீர் வரவில்லை. வெள்ளை, சிவப்பு, கருப்பு என்று கல்மாவுதான் மாறி மாறி வந்ததாம். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவள் ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஏழுமலையிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி. “மலையக் கும்புடற குடும்பம் சார். அத ஒடச்சிப் பாக்கற படிப்பா?” என்றார். உடைக்க மாட்டார்கள், பார்ப்பார்கள் என்றேன். கௌசல்யா தரையைப் பார்த்துக்கொண்டே, “இது படிச்சவங்க அன்னிக்கு ஒருத்தர் இருந்திருந்தா, அந்த எடத்துல போர் போடாதீங்கன்னாவது சொல்லியிருப்பாங்கப்பா” என்றாள். கடைசியில் அனுமதி வந்தது: “சரி, படி. ஆனா தேங்கா வச்சி நீரோட்டம் பாக்கறவரு நமக்குப் பங்காளி. அவரு எதிர்ல இதச் சொல்லாத.”

கவுன்சிலிங்

பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் இன்னொரு கூட்டம். “ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் கவுன்சிலிங் போக வேண்டியிருக்கும்” என்று அறிவித்தேன். எல்லாரும் போகும்வரை காத்திருந்த ஏழுமலை என்னைத் தூணோரம் ஒதுக்கினார். “எம்பொண்ணுக்கு அதெல்லாம் வேணாம் சார். தனியா பேசுது, நெசந்தான். ஆனா அது பாடத்தச் சொல்லிப் பாக்கறது.”

அந்தக் கவுன்சிலிங் வேறு, இது வேறு என்றேன். நல்ல தமிழில் கலந்தாய்வு. கலந்து ஆராய்வது என்று சொல்லைப் பிரித்தும் காட்டினேன். பெற்றவர்களைக் கலந்துகொள்வார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வாத்தியார்களை? அதுவும் இல்லை, ரேங்க் வரிசையில் கூப்பிடுவார்கள், அப்போது மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. “அப்ப இது கலந்தாய்வு இல்ல சார்,” என்றார், “ரேஷன்.”

சிக்னல்

அதே தூணோரம் அவர் ஒரே ஒரு நிபந்தனையும் வைத்தார். “எங்க வேணா படிக்கட்டும். மலை தெரியற தூரத்துல இருக்கணும்.” எங்கள் ஊரில் மலைக்கு அடைமொழி கிடையாது. பெயரிலேயே ஏழு மலையை வைத்திருக்கும் மனிதர் ஒரே ஒரு மலைக்காக அடம்பிடித்தார். அந்த வட்டாரத்தில் நான் விசாரித்தவரை எங்கும் ஜியாலஜி இல்லை. கிடைத்த பட்டப்படிப்பில் சேர்த்துவிடுவதாக அவர் முடிவு. “மலை தெரியும் சார், கல்லு தெரியாது” என்று கௌசல்யா மட்டும் முணுமுணுத்தாள்.

நான் விடவில்லை. ஆசிரியர் அறையில் மாவட்டப் படத்தை விரித்து, மலை எதுவரை தெரியும் என்று பென்சிலால் கோடு இழுத்தேன். வேங்கிக்கால், தாராளமாக. கீழ்பென்னாத்தூர், தெரியும். செஞ்சி ரோட்டில், வானம் தெளிந்த காலையில், நல்ல கண்ணுக்கு. எட்டிப் பார்த்த இயற்பியல் ஆசிரியை வசந்தி சொன்னார்: “சார், நீங்க காலேஜ் தேடல. டவர் சிக்னல் தேடறீங்க.”

பொதுப்பெயர்

விண்ணப்பத்தின் ஓர் ஓரத்தில், ஜியாலஜி உள்ள சேலத்துக் கல்லூரி ஒன்றையும் நானும் கௌசல்யாவும் சேர்த்திருந்தோம். இடம் அங்கேதான் கிடைத்தது. சேரக் கடைசி நாளுக்கு முந்தின தினம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, அப்பாவும் மகளும் நடந்தே பள்ளிக்கு வந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் அவர் வந்திருந்தார். கௌசல்யா செல்போனை நீட்டினாள். அங்கே படிக்கும் ஓர் அக்கா கல்லூரி மாடியிலிருந்து எடுத்த படம். “பாருப்பா, மலை தெரியுது.”

“இது நம்ம மலை இல்லியே.”

“சேர்வராயன் மலை. நீ மலைன்னுதான சொன்ன, எந்த மலைன்னு சொல்லலியே. மலைன்றது பொதுப்பெயர்ப்பா. சாரே கிளாஸ்ல நடத்தினாரு.”

ஏழுமலை என்னைப் பார்த்தார். இவ்வூர் வழக்கில் அது சிறப்புப்பெயரே என்று நான் எழுந்து நின்று திருத்தியிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இலக்கண விளக்கத்தை விழுங்கினேன். “புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது” என்று மட்டும் சொன்னேன். அவர் சன்னல் வழியே நம் மலையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். “அந்த மலைல சாமி இருக்குதா?” என்றார். “உச்சியிலயே இருக்குதுப்பா” என்றாள். படத்தை இன்னொரு தரம் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனை அவளிடமே கொடுத்தார். “லீவு வுட்டா மொதல்ல இந்த மலைக்கு வந்துடணும்” என்றவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்: “சார், இனிமே இலக்கணம் நடத்தறப்ப பெத்தவங்களையும் கூப்பிடுங்க. எங்களுக்கு வெவரம் கம்மியா இருக்குது.”

வழிகாட்டி வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: வழியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள், நம் பங்கு சாலையோரத்தில் மைல்கல்லைப் போல வாய் திறக்காமல் நிற்பது. மைல்கல்லும் ஒரு கல்தான் என்பதால், அதைக் கௌசல்யா ஒருநாள் வந்து படித்துச் சொல்லட்டும்.