பட்டனை அமுக்கினால் வைப்பர் ஓடும்

எங்கள் புதுக் காரில் உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால் வைப்பர் ஓடும். நக்கல் இல்லை, நிஜமாகவே ஓடும். வயர்லெஸ் செட்டின் மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கியதும், கடலூர் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், வைப்பர் காய்ந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச்சென்று தேய்க்கும். கதவுகள் படக்கென்று பூட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் பேசினால் எஞ்சினே நின்றுவிடும். பட்டனை விட்டால் எல்லாம் சாதுவாகிவிடும்.

நான் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவள். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, பரீட்சை எழுதி வாங்கினேன். புயலில் செல்போன் டவர்கள் படுத்துவிட்டால் வயர்லெஸ்ஸில் செய்தி சொல்ல எங்கள் ஊரில் ஒரு குழு இருக்கிறது. அதில் பெண் நான் ஒருத்திதான். காரில் செட் வைத்துக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். என் அம்மா சிதம்பரத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரைப் பக்கம் தனியாக இருக்கிறார். ஒரு புயலில் போன் செத்து, ரோட்டில் தண்ணீர் ஏறி, அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். இன்னொரு தடவை அப்படி உட்கார மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. வைப்பர் ஆடுகிற கூத்தை ஒருநாள் நேரில் பார்த்துவிட்டார்.

"இந்த வண்டி செட்டுக்கு ஒத்துவராதும்மா. ஞாயித்துக்கெழம ட்ரயல் இருக்கு. அதுக்குள்ள கழட்டிக் குடுத்துடு, எம் மருமவன் வண்டியில மாட்டிக்கலாம். நீ வூட்டுல ஒக்காந்து வர்ற மெசேஜ எழுதிக்க, அது போதும்."

போதுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செட்டு என்னுது சார். ஞாயித்துக்கெழம என் வண்டியிலேருந்துதான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். சரியாகவில்லை என்றால் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே செட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் சொன்னாரே என்று ஷோரூமில் விட்டுப் பார்த்தேன். "செட்ட எடுத்துடுங்க மேடம், வைப்பர் ஓடாது" என்றார்கள். கால் வலிக்கிறது என்று போனால் காலையே எடுத்துவிடச் சொல்கிற வைத்தியம். இதற்கு நான் எதற்கு அங்கே போக வேண்டும்?

நானே இறங்கினேன். முதல் சந்தேகம் பேட்டரியிலிருந்து செட்டுக்கு வருகிற கரண்ட் ஒயர் மேல். டிக்கி மேல் நிற்கிற ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன டப்பாவை மாட்டினேன். செட் விடுகிற சக்தி வெளியே போகாமல் அந்த டப்பாவே சூடாகித் தின்றுவிடும். பட்டனை அமுக்கினேன். வைப்பர் அசையவில்லை. கதவுப் பூட்டும் சத்தம் போடவில்லை. ஆக, கரண்ட் ஒயர் மேல் குற்றமில்லை. வினை ஏரியல் பக்கம்தான்.

ஏரியலுக்கு வண்டியின் இரும்பு உடம்பு வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வெறும் தகட்டைத் தொட்டாக வேண்டும். தொடவில்லை என்றால் சக்தி வழி தெரியாமல் கேபிளின் மேலேயே திரும்பி வந்து, வைப்பரையும் பூட்டையும் ஆட்டி வைக்கிற கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடும். டிக்கி மூடியின் ஓரத்தில் இருந்த கிளாம்பைக் கழற்றினேன். அடியில் கறுப்பாக, தடியாக, ரப்பர் மாதிரி ஒரு பூச்சு. அடப்பாவி!

வேலை யாருடையது என்று கேட்கவே வேண்டாம். நெல்லிக்குப்பம் ரோட்டில் வண்டி துருப்பிடிக்காமல் பூச்சு அடிக்கிற துருப்பூச்சுக் கடை வைத்திருப்பவன் என் சொந்தத் தம்பி. கடல் காற்றுக்குப் பயந்து எங்கள் ஊரில் புது வண்டி முதலில் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகும், அடுத்து துருப்பூச்சுக்குப் போகும். செட்டை அவன் கடையில் வைத்துத்தான் மாட்டினோம். நான் முன்னால் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா வண்டியாச்சே என்ற பாசத்தில், கிளாம்பை முறுக்குவதற்கு முன் அதன் அடியிலும் தாராளமாக ஒரு கை பூசியிருக்கிறான்.

கத்தியும் உப்புத்தாளும் எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி பைக்கில் பறந்து வந்தான்.

"யக்கா, உப்புக்காத்துக்கா! சொரண்டுன எடம் தீவாளிக்குள்ள ஓட்ட வுழுந்துடும். மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

அவன் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஃபாதர் மந்திரிச்ச வண்டிய இப்பிடிச் சொரண்டுறியே."

"ஃபாதர் வண்டியத்தான் மந்திரிச்சாரு, இவன் பூச்ச இல்ல. தள்ளுங்க."

தெருவில் போவோர் வருவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடலூரில் ஒருத்தி புது வண்டியின் பெயிண்ட்டைத் தானே சுரண்டினால் பார்க்கத்தானே செய்வார்கள். பார்க்கட்டும். தகடு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை. கிளாம்பை முறுக்கினேன். டிக்கி மூடியையும் வண்டி உடம்பையும் செம்புப் பட்டை போட்டு இணைத்தேன். பட்டனை அமுக்கினால் வைப்பர் ஓடவில்லை. ஆனால் கதவு மட்டும் இன்னும் படக், படக்!

அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். ஆத்திரத்தில் உள்ளே விரிப்பை வாரிப் போட்டுப் பார்த்தேன். ஏரியல் கேபிள், கதவுக்குப் போகிற ஒயர்க்கட்டோடு ஒட்டியே படுத்திருந்தது. பிரித்தெடுத்து எதிர்ப்பக்கமாக இழுத்தேன். செட்டுக்குப் பக்கத்தில், கேபிள் மேல் திரும்பி வருகிற சக்தியைத் தடுக்க ஒரு காந்த வளையம் மாட்டினேன். மறுபடி அமுக்கினேன். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. கதவு கம்மென்று இருந்தது. சுரண்டிய இடத்தைச் சுற்றிக் கிரீஸை அப்பிய பிறகுதான் தம்பிக்கு மூச்சே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டுவிட்டுக் காத்திருந்தேன். கடலூரிலிருந்து தலைவர் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. பேசினேன்.

"நல்லா கேக்குதும்மா" என்றார். குரலில் ஆச்சரியம். "யாரு சரி பண்ணிக் குடுத்தது?"

"நான்தான் சார்."

"சரி, நெஜமாவே பொயலு வந்தா அவ்ளோ தூரம் ஒன்ன அனுப்ப முடியாது. ஒன் வீட்டுக்காரர அனுப்பி வையி" என்றார்.

மாவட்டம் முழுக்க எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு லைசென்ஸ் கெடயாது சார். இங்க இருக்குறது எங்கம்மா. ரோட்டுல தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே நான் இங்க வந்துடுவேன். என்ன யாரும் அனுப்ப வேணாம்."