பத்து மணிக்கு வந்த வங்கி

அந்த மேலாளரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என் மனம் இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

சேவுகம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அக்காவுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் உண்டு. காலையில் அவளோடு பூ எடுப்பேன், மதியத்துக்கு மேல் வீட்டில் தையல். ஊரில் பலரைப் போல அக்காவும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தாள். வாங்கிவிட்டால் பூவை அவர் கடைக்குத்தான் போட வேண்டும். பக்கத்துக் கடையில் என்ன விலை போனாலும் நமக்கு அவர் சொல்வதுதான் விலை. மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா மேலும் வாங்கினாள். மச்சான் போய்விட்டார், கட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க ஒரு நியாயமான வங்கிக் கடன் போதும்.

வங்கியும் இருந்தது. சின்ன வங்கி. வங்கி இல்லாத ஊர்களுக்குப் போக வேண்டும், சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதற்கு அனுமதியே கொடுத்திருந்தார்கள். கிளை வத்தலக்குண்டில். எங்கள் ஊருக்குச் செவ்வாய்தோறும் மேலாளர் வந்து, சமுதாயக் கூடத்தில் பேனர் கட்டி உட்காருவார். நேரம், காலை பத்து முதல் பன்னிரண்டு.

மல்லிகை ஊரில் பத்து மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? இருட்டோடு தோட்டத்துக்குள் இறங்கினால் மொட்டு எடுத்து, எடை போட்டு, மூட்டையை மினி ஆட்டோவில் ஏற்றிவிட உச்சியாகிவிடும். அவர் காலி நாற்காலிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு செவ்வாய் அக்கா பூவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். அவர் அதற்குள் வண்டியை எடுத்திருந்தார். கிளைக்குப் போனால், உங்கள் ஊருக்குத்தான் நாங்களே வருகிறோமே, அங்கே வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டோம். மேலிடத்து உத்தரவு என்று கையை விரித்தார்.

வெளியூர்க்காரர், பாவம், தெரியாமல் செய்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மினி ஆட்டோ ஓட்டுகிறவர்தான் உண்மையைச் சொன்னார். மேலாளர் நிலக்கோட்டைப் பக்கத்து ஆள், அவர் வீட்டுத் தோட்டத்துப் பூவும் இதே வண்டியில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறது. எந்த நேரத்தில் எங்கள் கை ஓயாது என்று தெரிந்தே அந்த நேரத்தைப் பிடித்திருக்கிறார். ஏழைகளுக்குக் கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு அலைவானேன் என்ற எண்ணம்.

பேனரில் புகார் எண் இருந்தது. தையல் மிஷினை நிறுத்தி நிறுத்தி அந்த எண்ணுக்குப் பேசினேன். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. உங்கள் ஊரில் யாருமே வருவதில்லை என்றுதான் எங்களுக்குத் தகவல், வரும் செவ்வாய் ஒரு அதிகாரி நேரில் பார்ப்பார், ஆள் இல்லையென்றால் சேவையை நிறுத்திவிடுவோம் என்றார்கள்.

திங்கள் சாயந்தரம் வீடு வீடாகப் போனேன். நாளைக்கு யாரும் பூ எடுக்கக் கூடாது என்றேன். கூலிக்கு எடுக்கிறவர்கள் முனகினார்கள். முதலில் மறுத்தது என் அக்காதான்.

"ஒரு நா பூவு போகலைன்னா கடக்காரரு முன்பணத்தத் திருப்பிக் கேப்பாருடி."

"அந்தாளு கேக்கட்டும்க்கா. நாளைக்கு விட்டா காலம் பூராம் கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு."

அவள் வழக்கம்போலக் கூடையை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தாள். ஆனால் காலையில் கூடையைத் தொடாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒன்பது மணிக்கே சமுதாயக் கூடம் நிறைந்து, வரிசை வெளியே பஸ் நிறுத்தம் வரை நின்றது. அதிகாரியோடு காரில் வந்து இறங்கிய மேலாளரின் முகம் செத்துப்போனதை நான் ஆசை தீரப் பார்த்தேன். அதிகாரி ஒரு பெண். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். இவர்களுக்கு விழிப்புணர்வு போதாது மேடம் என்று மேலாளர் முந்திக்கொண்டார்.

அக்கா முன்னால் போனாள்.

"பத்து மணிக்கு எங்க கையி செடியில இருக்கும்மா. அது சாருக்கு நல்லாத் தெரியும். அவுக வீட்லயும் மல்லிதான்."

அதிகாரி மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேனர் கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டார். அன்று சாயந்தரம் எடுக்காத மொட்டெல்லாம் தோட்டத்திலேயே விரிந்து, ஊரே மணத்தது. ஒரு நாள் வரும்படி அப்படியே காற்றில் போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது.

கடைக்காரர் மறுநாளே ஆள் அனுப்பினார். அன்று அக்கா மனு கொடுத்த வங்கிக் கடன் கைக்கு வரும்வரை அவளைக் கண்டபடி பேசினார். பிறகு வங்கி நேரம் மதியம் மூன்று மணிக்கு மாறியது. புது மேலாளர் வந்தார். அக்கா முன்பணத்தை அடைத்துவிட்டாள். இப்போது விலை கேட்டுக் கடை பார்த்துப் பூப் போடுகிறாள்.

பழையவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. விசாரணையில் பதவி உயர்வு நின்றுவிட்டதாம், பையன் காலேஜ் சேரப் போகிறானாம். நடந்தது ஒரு தவறான புரிதல் என்று அக்கா எழுதிக் கொடுத்தால் போதுமாம். எழுத வேண்டியதை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அக்கா கண் கலங்கிப் பேனாவை வாங்கிவிட்டாள். நான் அதைப் பிடுங்கினேன்.

"எங்க மச்சான் ஆஸ்பத்திரில கெடந்தப்பதான் சார் அக்கா உங்க கிளைக்கு வந்துச்சு. செவ்வாக்கெழம வாம்மான்னு அனுப்பிச்சீகளே, ஞாபகம் இருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஞாபகம் இல்லை என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது. வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று அக்கா எழுந்துபோய்க் காபிக்குப் பால் வைத்தாள். நான் பின்னாலேயே போய் அடுப்பை அணைத்தேன்.