சோஹார் கல்லறைத் தோட்டத்தில் ஒரு செக் கிராமம்

கல்லறைத் திருநாளுக்கு லீவு போட்டுவிட்டு அபுதாபி முசஃபாவிலிருந்து ஓமானின் சோஹார் வந்திருக்கிறேன். இங்கே வேலைக்கு வந்து இறந்து, இங்கேயே அடக்கமான அண்ணனின் கல்லறையில் ஏற்கெனவே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. இந்த ஊரில் எங்களுக்கு யாருமில்லை. வரிசை மாறிவிட்டேனோ என்று கல்லில் பெயரைத் தடவிப் பார்க்கிறேன். அண்ணன்தான். என்னை முந்திக்கொண்டது யார் என்று கோபம்கூட வருகிறது.

பக்கத்து வரிசையில் வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் குனிந்து திரி ஏற்றுகிறார்.

"எங்க அண்ணன உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது" என்கிறார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறாராம். சொந்த ஊர், செக் நாட்டு எல்லையில் மலையடிக் கிராமம்.

"ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் எங்க ஊர் ஜெர்மன்காரங்களை எல்லை தாண்டி அனுப்பிட்டாங்க. அவங்க விட்டுப்போன வீட்டுலதான் நான் பொறந்தேன். வருஷாவருஷம் அவங்க முன்னோர் கல்லறைக்கு எங்க அம்மா விளக்கு வைப்பாங்க. சொந்தக்காரங்க வர முடியாதுன்னா, பக்கத்துல இருக்கிறவங்கதானே வைக்கணும்?"

அவருடைய அம்மாவும் இப்போது அந்தக் கிராமத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

"இன்னைக்கு அவங்களுக்கு யார் வைப்பாங்க?"

"வீட்டை வாங்கினவங்க. சொல்லித்தான் வித்தேன்."

என் பையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி இருக்கிறது. வரிசையின் மறுகோடிக்குப் போய், விளக்கில்லாத கல்லறைகளுக்கு ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்குகிறேன்.