மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி

அந்த நர்ஸின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், நாங்கள் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். ஐம்பது வயதிருக்கும், தூங்காத கண்கள். இடது மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் படுக்கை எண்களை எழுதியிருந்தார். மருந்து கொடுத்துவிட்டு வந்து ஒவ்வொரு எண்ணாகப் பேனாவால் கோடிட்டு அடித்தார்.

"எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல இருக்கே சிஸ்டர், இது எதுக்கு?"

"அதுல கீறது பொய் சார். டைமுக்குப் பதியலேன்னா அந்த பெட் செவப்பாயிடுது, மேலேர்ந்து ஃபோன் வருது. வார்டுக்கு ரெண்டே பேர். அதான் எல்லாத்தையும் முதல்ல குடுத்தாச்சுன்னு பதிஞ்சு பச்சையாக்கிட்டு, அப்பால ஊசியை எடுத்துக்கினு ஓடுறோம்."

அந்தச் சிவப்பை வைத்தவன் நான்தான்.

"ஏழாம் பெட் பெரியவருக்கு வலிப்பு ஊசி. பச்சையாக்கிட்டேன். போடறதுக்குள்ள அவரை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. அங்க இருந்தவங்க பச்சையைப் பார்த்து, போட்டாச்சுன்னு உட்டுட்டாங்க. வலிப்பு வந்து பூட்டாரு சார். கம்ப்யூட்டர்ல இன்னிக்கும் பச்சைதான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் செவப்பை எடுத்துடச் சொல்லு சார்."

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இதை எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. பெயர் இல்லாமல்தான் எழுதினேன். எந்த வார்டு என்பதை மட்டும் எழுதித் தொலைத்தேன்.

மறுபடி போனபோது அந்தச் சிவப்பு ஏற்பாடு அப்படியே இருந்தது. அவர் இல்லை. திரையில் எல்லாப் படுக்கையும் பச்சை. புதிதாக வந்திருந்த பெண்ணின் மணிக்கட்டில் பிளாஸ்திரி இல்லை.