எங்கள் ஒழுங்கையில் நோ இல்லை

எங்கள் அம்மாவின் கைகளில் நோ இல்லை என்று படித்த மனிதர்கள் ஒருமுறை முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு மட்டுமல்ல, கோப்பாயில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் இருந்த பதினொரு வீட்டுப் பெண்களுக்கும் இல்லை என்று முடிவு செய்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அப்போதும் வந்தது. ஆனால் அது போய் விழுந்த இடம் வேறு.

எனக்கு அப்போது பத்து வயது. விடியற்காலையில் அம்மாவின் விரல்கள் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் நாட்களில் மற்றப் பெண்கள் பிடி பிடியாகக் கட்டி அடுக்கிக்கொண்டு போக, அம்மா ஒரு பிடிக்கே நார் சுற்ற முடியாமல் நிற்பார். வெயில் ஏறி மத்தியானம் ஆகும்போது விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அந்த இளக்கம்தான் அம்மாவுக்கு எதிரான சாட்சி.

“உவவின்ரை வருத்தம் மணிக்கூடு பாத்தெல்லோ வாறது,” என்பார் மாமி, அப்பாவின் அக்கா. “வேலை நேரத்துக்கு வரும், சோத்து நேரத்துக்குப் போகும்.”

அப்பா சிரிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா சிரிப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

சண்டையால் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்த அந்த நாட்களில்தான் ஒரு பெண் டொக்டர் வந்தார். மூட்டுகளைப் பிடிக்கும் வாத நோய்களைப் பற்றியே வெளிநாட்டில் பல வருடம் படித்தவர். வசதியுள்ளவர்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்ததால், அவருக்குப் பைத்தியம் என்று சொல்லி ஊரில் ‘லண்டன் விசரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று கண்டறிவது அவருடைய ஆராய்ச்சி. எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைக்க வழியில்லை. எக்ஸ்ரே எடுக்க பிலிம் வருவதில்லை. ஆகவே கண்ணாலும் விரலாலும் கடதாசியாலும் ஆராய்ச்சி நடந்தது. நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களைச் சனிக்கிழமைகளில் மருதனார்மடத்துக்குக் கூப்பிட்டுச் சோதித்து மருந்து கொடுத்தார்.

றோட்டுக்கரை வீடுகளுக்கு டொக்டரும் அவருடைய உதவியாளரும் நேரே போனார்கள். கதிரையில் இருந்துகொண்டு, பெண்களின் கைகளைப் பிடித்து, ஒவ்வொரு மூட்டாக அமத்திப் பார்த்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. அதற்குள் சைக்கிள் போகாது என்று உதவியாளர் சொன்னாராம். அப்பாவின் சைக்கிள் அதே ஒழுங்கையால் வெங்காய மூட்டையோடு தினமும் போய் வந்துகொண்டிருந்தது.

எங்களுக்குத் தாள்கள் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தன. பழைய சோதனைத்தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு கைகளின் படம், மூட்டுக்கு மூட்டு ஒரு வட்டம், மேலே ஆங்கிலத்தில் தலைப்பு. டொக்டரே உதவியாளரோடு வகுப்புக்கு வந்து விளங்கப்படுத்தினார்.

“அம்மாமார் சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ பிள்ளையள். ஒரு சொல்லும் மாத்தக் கூடாது.”

எங்கள் குடும்பத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். ஒழுங்கையிலேயே ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். சொற்கள் அவ்வளவு தெரியாது. பூனை, நாய், பந்து என்ற அளவில் நின்றிருந்தேன். ஆனாலும் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் விடையும் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு தீர்மானம்.

அன்று பின்னேரம் அம்மா தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

“பெருவிரல் என்ன செய்யுதம்மா?”

“நோ.”

“சுட்டுவிரல்?”

“அதிலையும் நோதான் பிள்ளை.”

எங்கள் ஊரில் வலியை வலி என்று யாரும் சொல்வதில்லை. நோ என்போம். அந்த ஓசைக்கு எந்த எழுத்துகள் வரும் என்று எனக்குத் தெரியும். வட்டம் வட்டமாக முதலில் ‘என்’ எழுத்து, பிறகு ‘ஓ’. பெரிய எழுத்தில், குண்டு குண்டாக எழுதினேன்.

“இங்கிலீசிலையோ எழுதுறாய்?” அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டார். “இஞ்சை வந்து பாருங்கோவன், பிள்ளை என்ரை நோவை இங்கிலீசிலை எழுதுது.”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளைத் தலைகீழாகப் பிடித்து, நெடுநேரம் பார்த்து, “வடிவாக் கிடக்கு,” என்றார்.

செய்தி பரவியது. ஒழுங்கைப் பிள்ளைகள் தங்கள் தாள்களோடும் தாய்மாரோடும் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். எல்லாருக்கும் நானே கேட்டு நானே எழுதினேன். பதினொரு தாள்கள். அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நான்தான் டொக்டர் என்று நினைத்திருப்பீர்கள்.

இரண்டு கிழமை கழித்துச் சங்கக்கடைச் சுவரில் பெயர்கள் ஒட்டப்பட்டன. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெயரும் இல்லை. சைக்கிளால் விழுந்து முழங்கை வீங்கிய றோட்டுக்கரை அன்ரிக்குக்கூட அழைப்பு இருந்தது.

“பாத்தீரோ மச்சாள்?” என்றார் மாமி அம்மாவிடம். “லண்டனிலை படிச்ச மனுசியே உமக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டா. இனி எழும்பி வேலையைப் பாரும்.”

அன்று அம்மா சிரிக்கவில்லை. அதன்பிறகு நோ என்ற சொல்லையே அவர் வாயில் எடுக்கவில்லை. எல்லாருக்கும் முதல் எழும்பி, குசினிக்குப் பின்னால் சுடுதண்ணிச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு குந்தியிருப்பார். நான் கண்டேன். கண்டதை அம்மா கண்டதும் கைகளை வெளியே எடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வெங்காயத்தோடு மருதனார்மடம் சந்தைக்குப் போனபோது நானும் அடம்பிடித்துச் சைக்கிளில் ஏறினேன். அவர் விலை பேசிக்கொண்டு நிற்க, டொக்டர் நோயாளிகளைப் பார்த்த மண்டபத்துக்கு ஓடினேன்.

“எடி பெட்டை, ஆரோடை வந்தனி? வரிசையிலை நில்,” என்றார் உதவியாளர்.

நான் நிற்கவில்லை. நேரே மேசைக்குப் போனேன். “என்ரை அம்மாவை ஏன் கூப்பிடேல்லை?”

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். உதவியாளர் முந்திக்கொண்டார். “உது அந்த ஒழுங்கைப் பெட்டை, டொக்டர். அங்கை ஒருதருக்கும் ஒண்டுமில்லை எண்டு கண்டனாங்களெல்லோ. வெயிலுக்கை நிண்டு வேலை செய்யிற சனம். உடம்பு இரும்பு.”

டொக்டர் அம்மாவின் பெயரைக் கேட்டு, தாள்களின் கட்டை அவிழ்த்து அவருடைய தாளை எடுத்தார். “இஞ்சை பாரும் பிள்ளை. பெருவிரலிலை இல்லை, சுட்டுவிரலிலை இல்லை. எல்லா இடமும் இல்லை எண்டுதானே கிடக்கு. ஆர் எழுதினது?”

“நான்தான். இல்லை எண்டு நான் எழுதேல்லை. நோ எண்டு எழுதினனான். அம்மா சொன்னதிலை ஒரு சொல்லும் மாத்தேல்லை.”

உதவியாளர் சிரித்தார். வரிசையில் நின்ற இரண்டொருவரும் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு எழுத்தும் ‘இல்லை’ என்ற சொல் என்று ஒரு அன்ரி எனக்கு விளங்கப்படுத்தினார். டொக்டர் சிரிக்கவில்லை. பதினொரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தன்னுடைய கொப்பியைத் திறந்து, நெருக்கமாக எழுதியிருந்த ஒரு பக்கத்தை மூலைக்கு மூலை கோடிழுத்து வெட்டினார்.

நான் அழுதுகொண்டு சந்தைக்கு ஓடினேன்.

அடுத்த நாள் பின்னேரம் டொக்டர் சைக்கிளிலேயே எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். உதவியாளரும் சைக்கிளில்தான் வந்தார். மாமி ஓடிப்போய்ப் பலகை கொண்டுவந்து போட்டார். டொக்டர் அதில் இருந்துகொண்டு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

“காலமையிலை விரல் மடக்க எவ்வளவு நேரம் செல்லும் அக்கா?”

அம்மா மாமியைப் பார்த்தார். “எனக்கு ஒண்டுமில்லை டொக்டர்.”

டொக்டர் ஒரு மூட்டை மெல்ல அமத்தினார். அம்மாவின் தோள் துள்ளியது.

“வெயில் ஏறினாப்பிறகு இளகுமோ?”

“ஓம்,” என்றார் அம்மா, குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

“அதுதான் இந்த வருத்தத்தின்ரை அடையாளம். காலமையிலை இறுகும், மத்தியானம் இளகும்.”

மாமி கோழியைக் கலைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பினார்.

புதுத் தாள் இல்லை. டொக்டர் என்னுடைய தாளையே எடுத்து, என் குண்டு எழுத்துகளை வெட்டி, பக்கத்தில் தமிழில் எழுதத் தொடங்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன எழுதுறா?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

“நோ எண்டு.”

“அதைத்தானே நீயும் எழுதினனி.”

எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. என் பிழையை மூடி மறைக்கத்தான் அம்மா அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். மருந்து கிடைத்த மாதங்களில் அம்மாவின் விரல்கள் மடங்கின, கிடைக்காத மாதங்களில் மடங்கவில்லை. நான் என்மீதே கோபப்பட்டு அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே மேல்வகுப்புகளுக்குப் போனேன். ஆங்கிலமும் படித்தேன். நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பதினொரு பெண்கள். அத்தனை கைகளிலும் ஒரு மூட்டுக்கூட நோகவில்லை என்று ஒரு தாள் சொன்னபோது, ஒழுங்கைக்குள் வந்து பார்க்கவேண்டும் என்று படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்க அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லாரிலும் வாசிக்கவே தெரியாத அம்மா, அன்று அந்தத் தாளைச் சரியாக வாசித்திருந்தார் என்பதும் விளங்கவில்லை.