துணைக்கு வந்தவர்

தொலைக்காட்சியில் வினாடி வினா பார்க்கிறவர்களுக்கு அதன் விதிகள் மனப்பாடம். நான்கு விடைகளில் ஒன்று சரி. ஏற ஏறக் கேள்வி கடினமாகும். தவறாகச் சொன்னால் கடைசியாகத் தாண்டிய படிக்குச் சரிந்து விழ வேண்டும். பயமாக இருந்தால், சேர்த்தது போதும் என்று எழுந்துவிடலாம். நடுவில் மூன்று உதவிகள் உண்டு: அரங்கில் இருப்பவர்களை வாக்களிக்கச் சொல்லலாம், இரண்டு தவறான விடைகளை அழிக்கச் சொல்லலாம், துணைக்கு வந்தவரைக் கேட்கலாம்.

துணைக்கு வந்தவருக்கான விதிகள் மட்டும் திரையில் வருவதில்லை. அவை எனக்குத் தெரியும். ஆடுகிறவருக்குப் பின்னால், சற்று இடப்பக்கமாக, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. இரண்டு கைகளும் முழங்கால் மேல். உதடு அசையக்கூடாது. தலை ஆடக்கூடாது. கூப்பிடாமல் வாயைத் திறந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. காதில் கருவி மாட்டியிருந்த ஒரு பெண் இதையெல்லாம் பாடம் போல ஒப்பித்தார்.

"இருமல் வந்தா மேடம்?"

"வரக்கூடாது சார்."

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். முன்னால், விளக்கு வெளிச்சம் மொத்தமும் விழுகிற நாற்காலியில், என் மனைவி.

யார் எந்த நாற்காலி என்பது எப்படி முடிவானது என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். என் அப்பா செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. எங்கள் வகையறாவில் கல்லூரி வரை போனவன் நான்தான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அதோடு அரசாங்கத் தேர்வுகளையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாரிவாக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பேருந்தில், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வழிகாட்டிப் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டுதான் நதிகள், திருத்தச் சட்டங்கள், தலைநகரங்கள் எல்லாம் எனக்குள் போயின. "இத்தினி படிக்கிறானே, இன்னா ஆவப் போவுது?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: "பாப்பீங்க."

அவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒரு தடவை, என் ஆட்களுக்கு முன்னால், ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லி அது சரி என்று யாராவது அறிவிக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

என் மனைவி ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். வீட்டில் தினமும் இரண்டு செய்தித்தாள். சாயங்காலமானால் இறகுப்பந்து. அவள் எதையும் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் சொல்லுவாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றால், "தெரியும்" என்பாள். அந்த ஒரு சொல் எனக்குப் பற்றிக்கொண்டு எரியும். நாங்கள் முதலில் சந்தித்ததே பருத்திப்பட்டில் சர்ச் இளைஞர்கள் நடத்திய வேதாகம வினாடி வினாவில்தான். ராஜாக்களின் புத்தகத்தை நான் இரண்டு முறை வரிசையாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவள் முதலில் வந்தாள், நான் இரண்டாவது. ஞாயிறு பள்ளியில் பாடிய பாட்டுகளிலிருந்தே பாதி விடை கிடைத்துவிட்டதாம்.

நிகழ்ச்சிக்கு இருவரும்தான் பதிவு செய்தோம். இருவரையும்தான் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் எழுத்துத் தேர்வு. அதில் நான்தான் அதிக மதிப்பெண் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவர்கள் யாருக்கும் மதிப்பெண் காட்டவில்லை. அடுத்து கேமரா முன்னால் நின்று பேச வேண்டும்.

"உங்களப் பத்தி ஏதாவது சுவாரசியமா சொல்லுங்க சார்" என்றான் ஒரு பையன். என்னைவிட இளையவன்.

"எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி நான்தான்."

"அது காலையிலேர்ந்து நிறைய பேரு சொல்லிட்டாங்க சார். வேற?"

வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரியது என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் "ஓகே சார், தேங்க்ஸ்" என்றுவிட்டான்.

அடுத்து அவள் போனாள். "என் வீட்டுக்காரர் தூக்கத்துல நடப்பு நிகழ்வு ஒப்பிப்பாரு. ஒரு நாள் ராத்திரி எழுப்பி, தண்ணி வேணுமான்னு கேட்டேன், 'பி, ஜெனீவா'ன்னாரு" என்றாள். கேமராக்காரர் வரை சிரித்தார்கள். அங்கேயே அவள் தேர்வாகிவிட்டாள். என் தூக்கத்தை எடுத்துக் கொடுத்து அவள் நாற்காலி வாங்கினாள்.

ஒளிப்பதிவு அன்று அவள் விறுவிறுவென்று ஏறினாள். இறகுப்பந்தில் ஒரு ஆட்டம் ஜெயிக்க எத்தனை புள்ளி என்று கேட்டார்கள். இருபத்தொன்று. நான் அதைப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவள் அதற்கு யோசிக்கவேயில்லை. பந்து அடிக்கிற மாதிரி கையை வீசிக் காட்டிவிட்டுச் சொன்னாள். அரங்கம் கைதட்டியது. துணைக்கு வந்தவரும் கைதட்டலாம், அதற்கு மட்டும் விதியில் இடம் உண்டு. தட்டினேன்.

ஒரு சமையல் கேள்வியில் தடுமாறி அரங்கத்தாரைக் கேட்டாள். ஒரு விளையாட்டுக் கேள்வியில் இரண்டு விடைகளை அழிக்கச் சொன்னாள். முன்பின் தெரியாத கூட்டத்தைக் கேட்கிறாள், இயந்திரத்தைக் கேட்கிறாள், பின்னால் உட்கார்ந்திருக்கிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டிற்கும் விடை எனக்குத் தெரிந்திருந்தது. கைகளை முழங்கால் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் விதிகள் இந்திய அரசியலமைப்பின் எந்த அட்டவணையில் உள்ளன? ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

அவளுடைய தோள் இறங்கியதைப் பார்த்தேன். குடியிருப்பில் வளர்ந்தால் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற விஷயம் இல்லை இது. மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏழு அதிகாரப் பட்டியல், எட்டு மொழிகள், ஒன்பது நிலச் சீர்திருத்தம், பத்து. என் உதடு அசைந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது கேட்டே ஆக வேண்டும். வேறு உதவியும் அவளிடம் இல்லை.

"நான் நிறுத்திக்கிறேன் சார்" என்றாள்.

தொகுப்பாளர் என்னைக் காட்டினார். "துணைக்கு ஒருத்தர் உக்காந்திருக்காரேம்மா. கேக்கலையா?"

"வேணாம் சார். அவரு சொல்லி அது தப்பாப் போச்சுன்னா, ஆயுசுக்கும் அதையே நெனச்சு மருகுவாரு. பணம் போனாப் பரவால்ல."

அரங்கம் எழுந்து நின்று தட்டாத குறை. தொகுப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ காது சூடாகிவிட்டது. நான் தப்பாகச் சொல்வேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள், அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

விலகியவரிடம், சும்மா ஒரு விடை சொல்லுங்கள் என்று கேட்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். அவள் ஒன்பது என்றாள். தொகுப்பாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"பத்தாவது அட்டவணை சார். ஐம்பத்திரண்டாவது திருத்தம்."

பத்து பச்சையாக மின்னியது. அரங்கம் முழுக்க "ச்சோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. எனக்காக எழுந்த சத்தம். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தங்களில் அதுதான் இனிமையானது.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் என் கையைப் பிடித்தாள். "உன்னக் கேட்டிருக்கணும்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். இல்லை, பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

ஒளிபரப்பாகும் வரை முடிவை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது இன்னொரு விதி, கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் அதை ஒரு தொல்லையாக நினைத்தாள். எனக்கு அது சுகமாக இருந்தது. நான் வாயால் சொன்னால் பீற்றல். தொலைக்காட்சி சொல்லட்டும். வாரக்கணக்கில் அந்தப் பச்சை விளக்கை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போய் வந்தேன்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பூந்தமல்லியிலிருந்து மாமா பையன் வந்திருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன்.

நான் முதல் தடவை திரையில் வந்ததுமே ஆரம்பித்தான். "மச்சான், இன்னா மச்சான் இது, எழவு ஊட்டுல குந்திகினு கீற மாதிரி கீற?"

"அப்படித்தான்டா உக்காரணும், ரூல்ஸ்."

"சிரிச்சா புடிச்சுகினு பூடுவானுங்களா?"

வீடே சிரித்தது. நான் போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டே, வரட்டும், வரட்டும் என்று இருந்தேன். இறகுப்பந்து வந்தது. சமையல் வந்தது. அவள் ஒவ்வொன்றாக ஏறும்போதும் அம்மா அவள் தொடையைத் தட்டினாள். பிறகு அந்தக் கேள்வி. அவள் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பற்றிச் சொன்னாள். கைதட்டல். அதை மூன்று கோணத்தில் காட்டினார்கள், பின்னால் ஒரு வயலின் இசையும் சேர்த்து. "சரியான விடை பத்தாவது அட்டவணை" என்றார் தொகுப்பாளர். உடனே ஒரு சோப்பு விளம்பரம்.

விளம்பரம் முடிந்ததும் வேறு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திரும்பினார். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை, அதுதான் மோசம்.

"அந்தப் பத்து உனுக்குத் தெரியாதா நைனா? பஸ்ஸுல கூட பொஸ்தகத்தோடதான போவே?"

நான் பேசுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "சொன்னாரு மாமா! கரெக்டா சொன்னாரு. அவங்க கட் பண்ணிட்டாங்க."

"யக்கா" என்றான் மாமா பையன், "ஊட்டுக்காரர உட்டுக்குடுக்கவே மாட்டியா நீ?"

"சத்தியமாடா. எல்லாரும் ச்சோன்னாங்க."

"சரிக்கா, சரிக்கா. சொன்னாரு."

அவள் விடவில்லை. தொகுப்பாளர் கேட்டதை, நான் சொன்னதை, பச்சை மின்னியதை எல்லாம் கையை ஆட்டி ஆட்டி விவரித்தாள். கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது. அவள் பேசப் பேச எல்லோர் முகத்திலும் ஒரு கனிவு பரவியது. எல்லாம் அவளுக்கான கனிவு. அம்மா அவள் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். "இந்த மாதிரி மருமவ யாருக்குக் கெடைப்பா? அங்கயும் அவன உட்டுக்குடுக்கல, இங்கயும் உட்டுக்குடுக்கல."

"உடும்மா" என்றார் அப்பா மருமகளிடம், மெதுவாக. "தெரியாங்காட்டி இன்னா இப்ப? நீ செயிச்சா அவன் செயிச்ச மாதிரிதான்."

எனக்குத் தாங்கவில்லை. உள்ளதைத்தான் அவள் சொன்னாள், அதிலும் அவளுக்கே பேர். எழுந்து நின்று, நேர்முகத் தேர்வில் பதில் சொல்கிறவன் போலச் சொன்னேன்: "கட்சித் தாவல் தடை. பத்தாவது அட்டவணை. ஐம்பத்திரண்டாவது திருத்தம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து."

அப்பாவின் புருவம் உயர்ந்தது. மாமா பையன் என் கையைப் பார்த்தான்.

"மச்சான், இப்ப போன்ல பாத்துகினுதான சொல்ற?"

கையில் போன் இருந்தது உண்மைதான். நிறுத்த மறந்த கேமரா என் கையோடு அவள் பக்கம் திரும்பி, இன்னும் அவளைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தது.